பெயரிடப்படாத கோபுரம்: தமிழ்நாடு அரசு இலச்சினையும் திருவில்லிபுத்தூர் வட்டார மக்களின் ஏற்பும்

தமிழ்நாடு அரசின் இலச்சினையில் உள்ள கோபுரம் எந்தக் கோயிலுக்குரியது என்ற வினாவுக்குத் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தில் ஒரே விடைதான் கிடைக்கும். அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது அவ்விடை. போட்டித் தேர்வு வழிகாட்டி நூல்கள் பலவும் அவ்விடையையே தருகின்றன. விருதுநகர் மாவட்ட நிர்வாகத்தின் அறிமுகக் குறிப்பும் அதனை வழிமொழிகிறது. ஆனால் இலச்சினையை வரைந்தவராக அறியப்படும் ஓவியர் இரா. கிருஷ்ணராவ், மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் மேற்குக் கோபுரத்தை மனத்திற்கொண்டே அதனை வரைந்ததாகக் கூறியிருக்கிறார் என்ற செய்தியும் பதிவாகியுள்ளது. வரைந்தவரின் கூற்று ஒரு பக்கமும் மக்களின் உறுதிப்பாடு மறுபக்கமும் நிற்க, அரசு நிர்வாகத்தின் ஒரு பகுதியே மக்களின் பக்கம் நின்று பேசுகிறது. இம்முரணை ஒரு தகவற்பிழை என்று கருதித் திருத்திவிட்டுக் கடந்து செல்வது எளிது. எனினும், புதிதாக உருவாக்கப்படும் ஒரு பொதுச் சின்னத்தை மக்கள் எவ்வாறு தமதாக்கிக்கொள்கின்றனர் என்பதை அறிவதற்கு இம்முரணைவிடச் சிறந்த சான்று தமிழகச் சூழலில் அரிது. இக்கட்டுரை அந்த ஏற்பின் இயல்பை ஆராய்கிறது.

சொல்லும் மரபும்

இன்று 'லோகோ' என்று பேச்சில் வழங்குவதற்கு இலச்சினை, சின்னம், முத்திரை, பொறி எனப் பல சொற்கள் தமிழில் உள்ளன. இவற்றுள் 'பொறி' என்ற சொல்லே மூவேந்தர் மரபோடு நெருங்கியது. வில்லும் புலியும் கயலும் குடியின் அடையாளங்களாக மட்டுமன்றி வெற்றியின் அறிவிப்புகளாகவும் பயன்பட்டன. சோழர் செப்பேட்டு முத்திரைகளில் புலியுடன் இரு கயல்களும் வில்லும் சேர்த்துப் பொறிக்கப்பட்டிருப்பது இதனை விளக்கும். பாண்டியரும் சேரரும் அடங்கினர் என்ற செய்தியை எழுத்தறியாதவனும் ஒரு நோக்கில் உணருமாறு அம்முத்திரை அமைந்தது. அத்தகைய முத்திரையின் முன் குடிமக்களுக்கு இருந்த இடம் பார்வையாளர் இடமே. அதனை ஏற்பதா மறுப்பதா என்ற வினா அவர்களிடம் கேட்கப்படவில்லை.

குடியாட்சிக் காலத்துச் சின்னம் அவ்வாறு இயங்க இயலாது. அரசாணை ஒன்று இலச்சினையை நடைமுறைப்படுத்தலாம். ஆனால் மக்கள் அதில் தம்மைக் கண்டுகொண்டால்தான் அது நிலைக்கும். கண்டுகொள்ளாதபோது அது கடிதத்தாளின் தலைப்பில் மட்டும் வாழும். 'மக்கள் எதிர்வினை' என்பதைப் பெரும்பாலும் எதிர்ப்பு என்றே ஆய்வுகள் பொருள்கொள்கின்றன. ஓசையின்றி நிகழும் உரிமை கொண்டாடலும் எதிர்வினையே. திருவில்லிபுத்தூரில் நிகழ்ந்தது அவ்வகையினது.

1949ஆம் ஆண்டு இலச்சினை

விடுதலைக்குப் பின் சென்னை மாகாண அரசு காலனியச் சின்னங்களுக்கு மாற்றாக ஒரு புதிய இலச்சினையை நாடியது. 1949இல் உருப்பெற்ற வடிவில் மூன்று கூறுகள் இடம்பெற்றன. பின்புலத்தில் கோபுரம், அதன் முன்னே சாரநாத்து அசோகத் தூணின் சிங்கத்தலை, இருபுறமும் தேசியக் கொடி. சிங்கத்தலையை இந்தியா தன் அரசுச் சின்னமாக 1950 ஜனவரி 26 அன்று ஏற்றது என்பதை நோக்க, குடியரசின் சின்னமும் மாகாணத்தின் சின்னமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருப்பெற்றவை எனலாம்.

கோபுரம் இடம்பெற்றமை தொடக்கத்திலேயே வினாவுக்குள்ளானதாகச் சொல்லப்பட்டுவருகிறது. சமயச் சார்பற்ற அரசின் இலச்சினையில் ஒரு சமயத்தின் வழிபாட்டிடம் இடம்பெறலாமா என்பதே அவ்வினா. அப்போது முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார், கோபுரம் என்பது திராவிடக் கட்டடக்கலையின் அடையாளம் என்று நேருவுக்கு விளக்கியதாகவும், நேரு அதனை ஏற்றதாகவும் அக்கதை தொடரும். அவ்வுரையாடல் எச்சொற்களில் நிகழ்ந்தது என்பதைவிட, அக்கதை இன்றளவும் ஏன் சொல்லப்படுகிறது என்பதே ஏற்பாய்வுக்குப் பயன்படுவது. கோபுரத்தைக் கோயிலிலிருந்து பிரித்து, 'கலை' என்ற வகைக்குள் வைக்கும் வாதம் அதில் அடங்கியுள்ளது. கோபுரம் கருவறை அன்று, அது வாயில். ஊருக்கு வெளியே வயலில் நிற்பவனும் கோயிலுக்குள் செல்லாதவனும், நெடுங்காலம் செல்ல விடப்படாதவனும் காணக்கூடிய ஒரே கோயிலுறுப்பு அதுவே. கோயில் நுழைவு உரிமைக்கான போராட்டங்களும் சட்டங்களும் நிகழ்ந்து பத்தாண்டுக்காலம்கூட நிறைவுபெறாத அந்நாளில், கருவறைத் தெய்வத்தைத் தவிர்த்துக் கோபுரத்தை மட்டும் தேர்ந்தமை எண்ணிச் செய்ததோ எண்ணாமல் நேர்ந்ததோ, பொருள் பொதிந்த தேர்வாகும்.

பிற மாநிலங்களின் நிலையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கருநாடகத்தின் இலச்சினை மைசூர் அரச மரபின் இருதலைப்புள்ளைக் கொண்டது. கேரளத்தினது திருவிதாங்கூர் அரசின் சங்கையும் யானைகளையும் தழுவியது. ஒடிசா கோனார்க்குக் கோயிலின் போர்வீரனும் குதிரையும் அமைந்த சிற்பத்தைக் கொண்டது. முன்னிரண்டும் அரச குடிவழி வந்தவை. ஒடிசாவினது கோயில்வழி வந்ததாயினும் எந்தச் சிற்பம் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. தமிழ்நாட்டு இலச்சினையோ கட்டடத்தைக் காட்டிவிட்டு அதன் பெயரைச் சொல்லாமல் நின்றது.

மதுரையா, திருவில்லிபுத்தூரா

பெயர் சொல்லப்படாத இடத்தில்தான் ஊர்கள் பேசத் தொடங்கின. இரு தரப்பினரும் முன்வைக்கும் காரணங்களைப் பிரித்துப் பார்ப்பது தேவை.

மதுரைத் தரப்புக்கு வலிமை தருவது ஓவியரின் கூற்று. கிருஷ்ணராவ் மதுரையைச் சேர்ந்தவர். தமிழ்த்தன்மை முழுதும் விளங்கும் ஒரு வடிவம் வேண்டப்பட்டபோது, தாம் பிறந்து வளர்ந்த ஊரின் கோபுரம் ஓர் ஓவியர் நினைவில் முதலில் எழுவது இயல்பு. மேற்குக் கோபுரம் ஒன்பது நிலைகளைக் கொண்டது. மதுரைக் கோபுரங்களுள் காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்று.

திருவில்லிபுத்தூர்த் தரப்பு பெரிதும் காட்சியை நம்புகிறது. வடபத்ரசாயி கோயிலின் இராசகோபுரம் பதினொரு நிலைகளும் ஏறத்தாழ 192 அடி உயரமும் கொண்டது. மதுரைக் கோபுரங்களின் உடல் முழுதும் வண்ணச் சுதையுருவங்கள் செறிந்திருக்க, திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தில் சுதையுருவங்கள் மிகக் குறைவு. அரைத்தூண்களும் மாடங்களும் கிடைவரிகளுமே அதன் தோற்றத்தை ஆள்கின்றன. இலச்சினையிலுள்ள கோபுரமும் அவ்வாறே உருவங்களற்றுக் கோடுகளால் நிற்கிறது. எனவே, காண்பவர் கண்ணுக்கு அது திருவில்லிபுத்தூரையே நினைவூட்டுகிறது.

இவ்வாதம் கவர்ச்சியுடையதாயினும் சான்றாக நிற்காது. ஒரு வட்டத்துள் அடங்கும் முத்திரைக்காகக் கோபுரத்தை வரையும் எவரும் சுதையுருவங்களை நீக்கியே ஆகவேண்டும். ஆயிரக்கணக்கான உருவங்களைக் கொண்ட மதுரைக் கோபுரத்தைச் சில கோடுகளாகச் சுருக்கினால் எஞ்சுவது ஏறத்தாழத் திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் தோற்றமே. சுருக்கம் என்னும் வரைகலைத் தேவை ஒரு கோபுரத்தை மற்றொன்றாக மாற்றிவிடுகிறது. நிலைகளை எண்ணித் தீர்க்கலாம் என்ற முயற்சியும் பயன் தராது. கோபுரத்தின் அடிப்பகுதியைச் சிங்கத்தலையும் கொடிகளும் மறைத்து நிற்கின்றன. அன்றியும், அஞ்சல்தலையளவு அச்சில் வரிகளை எண்ணி ஒன்பதா பதினொன்றா என்று முடிவு காண்பது, மையின் பரவலை எண்ணுவதாகவே முடியும்.

காலச்சூழல் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. ஓமந்தூராரை அடுத்து 1949 ஏப்ரலில் முதலமைச்சர் பொறுப்பேற்ற பூ. ச. குமாரசாமி ராஜா இராசபாளையத்தைச் சேர்ந்தவர். திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கி.மீ. இலச்சினை உருவான ஆண்டிலேயே அடுத்த ஊர்க்காரர் ஆட்சித் தலைமையில் இருந்தார் என்ற உண்மை, திருவில்லிபுத்தூர் உரிமைக்கு வலுச் சேர்ப்பதுபோலத் தோன்றும். இதனைச் சான்றாகக் கொள்வது பிழை. ஒரே காலத்தில் நிகழ்ந்தவை ஒன்றற்கொன்று காரணமாகா. அதைவிடக் கருதத்தக்கது, திருவில்லிபுத்தூரைச் சார்ந்த வாய்மொழி மரபே இலச்சினைத் தேர்வைக் குமாரசாமி ராஜாவுக்கு உரியதாக்காமல் ஓமந்தூராருக்கே உரியதாக்குவது. தமக்கு அணுக்கமான காரணத்தை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ளதைப் பற்றியிருப்பதால், இம்மரபு வெறும் ஊர்ப்பற்றால் மட்டும் புனையப்பட்டது என்று தள்ளிவிடவும் இயலவில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வரைந்தவரின் நோக்கம் என்ற அளவில் மதுரைத் தரப்பே வலுவுடையது. ஆனால் சின்னத்தின் பொருள் வரைந்தவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. தோற்றத்தின் வரலாறும் ஏற்பின் வரலாறும் இருவேறு வினாக்கள். ஒன்றற்கான சான்றை மற்றதற்கு விடையாக வைப்பதே இப்பொருள் பற்றிய எழுத்துகளில் மிகுதியும் காணப்படும் குழப்பம்.

மடவார் வளாகத்திலிருந்து ஒரு நோக்கு

திருவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாளும் பெரியாழ்வாரும் நினைவுக்கு வருவர். அவ்வூரின் மற்றொரு பெருங்கோயில் மடவார் வளாகத்து வைத்தியநாதசுவாமி திருக்கோயில். 'மடவார் விளாகம்' என்ற வடிவமும் வழங்குகிறது. விளாகம் என்பது சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல்; பழகிய சொல்லாகிய 'வளாகம்' அதன் இடத்தைப் பெற்றிருக்கலாம். திருமலை நாயக்கரின் வயிற்றுநோய் இத்தலத்து இறைவன் அருளால் தீர்ந்தது என்பது தலவரலாறு. திருவில்லிபுத்தூரில் பூசை முடிந்ததை மதுரையில் அறிந்த பின்னரே மன்னர் உணவு கொண்டார் என்றும், அதற்காக வழிநெடுக மண்டபங்கள் அமைத்து முரசொலி மூலம் செய்தி அனுப்பப்பட்டது என்றும் இவ்வட்டாரத்தில் கதை வழங்குகிறது. இன்று கோபுரத்துக்காகப் போட்டியிடும் இரண்டு ஊர்களையும் முன்பே ஒரு முரசொலி இணைத்திருந்தது என்பது இக்கதையின் சுவையான பக்கம்.

மடவார் வளாகம் சைவத் தலம். இலச்சினைக்குரியதாக மக்கள் கருதும் கோபுரம் வைணவத் தலத்தினது. சைவமும் வைணவமும் அருகருகே நிற்கும் இவ்வூரில் 'இலச்சினைக் கோபுரம்' என்ற பெருமை ஒரு சமயப் பிரிவின் பெருமையாகச் சுருங்காமல் ஊரின் பெருமையாக விரிந்தது கருதத்தக்கது. 'எங்கள் பெருமாள் கோயில் கோபுரம்' என்று சொல்லும் வழக்கைவிட 'எங்கள் ஊர்க் கோபுரம்' என்று சொல்லும் வழக்கே இச்சூழலில் பொருந்தி வருகிறது. அப்பெயரீட்டிலும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. பதினொரு நிலைக் கோபுரம் நிற்பது வடபத்ரசாயி சன்னிதியின் முன்னே. ஆண்டாள் சன்னிதி அதற்கு அருகே தனியே அமைந்தது. ஆயினும் பொதுவழக்கு அதனை 'ஆண்டாள் கோயில் கோபுரம்' என்றே அழைக்கிறது. கோபுரம் பெரியாழ்வார் பாண்டியன் அவையில் பெற்ற பொற்கிழியைக் கொண்டு எழுப்பப்பட்டது என்ற மரபுவழி நம்பிக்கையும் இதனுடன் சேர்ந்துள்ளது. வரலாற்று நோக்கில் இன்றைய கட்டுமானத்தை ஆழ்வார் காலத்துக்குக் கொண்டுசெல்வது இயலாது. ஆனால் அறிவுப் போட்டியில் வென்ற பொருள் ஊருக்குக் கோபுரமாயிற்று என்ற கதை, அக்கோபுரம் நாட்டுக்கு இலச்சினையாயிற்று என்ற அடுத்த கதைக்கு மக்கள் மனத்தை முன்னரே பக்குவப்படுத்தியிருந்தது எனக் கொள்ள இடமுண்டு.

உரிமை கொண்டாடல் நடைபெறும் களங்கள் எளியவை. ஊர் அறிமுகப் பலகைகள், திருவிழா அழைப்பிதழ்கள், பள்ளி மலர்கள், பால்கோவா அட்டைப்பெட்டிகள் ஆகியவற்றில் கோபுரப் படம் இடம்பெறுகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் கோபுரமும் ஊரின் இரு முகங்களாக இணைந்து நிற்பதைப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவிலேயே காணலாம். அரசு அலுவலகத்துக்குச் செல்லும் இவ்வூரார் ஒவ்வொரு சான்றிதழிலும் தம் ஊரைக் காண்கின்றனர். குடும்ப அட்டையிலும் பட்டாவிலும் தன் ஊர்க் கோபுரத்தைக் காண்பதாக நம்பும் குடிமகனுக்கு அரசுடன் ஏற்படும் உறவு, அந்நம்பிக்கை இல்லாதவனுடைய உறவிலிருந்து வேறுபட்டது. இந்நம்பிக்கையை 'தவறு' என்று மட்டும் குறித்துவிட்டு நகரும் ஆய்வு, தான் தேடிவந்த தரவைத் தானே எறிந்துவிடுகிறது.

கோபுரம் நின்றது, எழுத்து மாறியது

1967இல் அண்ணா தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது. பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்த கட்சி கோயில் கோபுரத்தை இலச்சினையிலிருந்து நீக்கும் என்று எதிர்பார்த்திருக்க இடமுண்டு. நடந்தது வேறு. 'சத்யமேவ ஜயதே' என்ற வடமொழித் தொடர் 'வாய்மையே வெல்லும்' என்று தமிழாயிற்று. 1967 ஜூலை 18 அன்று மாநிலப் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1969 ஜனவரி 14 முதல் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தபின், மேல் விளிம்பில் 'தமிழ்நாடு அரசு' நிலைபெற்றது. கோபுரம் அசையவில்லை.

இத்தேர்வு கட்சி அரசியலின் சமரசம் என்றும் விளக்கப்படலாம். ஆனால் அதற்குமுன் மற்றொன்றைக் கருதவேண்டும். 1949இல் கோபுரத்தைக் காக்க முன்வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வாதமே, அதாவது கோபுரம் திராவிடக் கட்டடக்கலை என்பதே, 1967க்குப் பின்னும் அதனைக் காத்தது. காங்கிரசு முதலமைச்சர் ஒருவர் கூறியதாகச் சொல்லப்படும் 'திராவிட' என்ற சொல் திராவிட இயக்க ஆட்சியில் புதிய பொருளோடு ஒலித்தது. மொழியில் வடமொழி அடையாளம் பொறுக்கப்படவில்லை. கட்டடத்தில் தமிழ் அடையாளம் கைவிடப்படவில்லை. சின்னத்தின் எக்கூறு மக்களின் உணர்வுக்கு உடனடியாகப் பொருள்படுகிறது என்பதை அண்ணாவின் அரசு துல்லியமாக அறிந்திருந்தது என்றே இதனை மதிப்பிட வேண்டும்.

இல்லாமை உணர்த்திய இருப்பு

நன்கு வேரூன்றிய சின்னத்தின் மதிப்பு அது காணாமற்போகும் நாளில் வெளிப்படும். 2023 ஜனவரியில் ஆளுநர் ஆர். என். ரவி, 'தமிழ்நாடு' என்பதினும் 'தமிழகம்' என்பதே பொருத்தம் என்ற பொருள்படப் பேசியது விவாதத்தைக் கிளப்பியிருந்தது. அதே மாதம் ஆளுநர் மாளிகை வெளியிட்ட பொங்கல் விழா அழைப்பிதழில் 'தமிழக ஆளுநர்' என்ற தொடர் இருந்தது. தமிழ்நாடு அரசின் இலச்சினை இல்லை. இந்திய அரசின் சின்னம் மட்டுமே இருந்தது. முந்தைய ஆண்டு அழைப்பிதழோடு ஒப்பிட்டு இதனை மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் உள்ளிட்டோர் சுட்டிக்காட்டினர். கட்சிகளும் பொதுமக்களும் கடுமையாக எதிர்வினையாற்றினர்.

இவ்விவாதத்தில் கோபுரம் எவ்வூருக்குரியது என்று எவரும் கேட்கவில்லை. இலச்சினை முழுமையாக நீக்கப்பட்டபோது அது மாநிலத்தின் உடைமையாகவே பேசப்பட்டது. ஊருரிமையும் மாநில உரிமையும் ஒன்றையொன்று விலக்காமல் அடுக்கடுக்காக நிற்பதை இது காட்டுகிறது. பெயர் சொல்லப்படாத கோபுரம் என்பதால் மதுரையும் திருவில்லிபுத்தூரும் உரிமை கோர முடிந்தது. அதே காரணத்தால் இவ்விரு ஊர்களையும் சாராதவரும் அதனைத் தமதென்று கொள்ள முடிந்தது. கோபுரத்தின் கீழே ஓர் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் இவ்விரண்டுமே நிகழ்ந்திரா.

பெயருடைய கட்டடங்கள்: தெலங்கானா

இக்கருத்தைச் சோதிக்க மற்றொரு மாநிலம் உதவுகிறது. 2014இல் உருவான தெலங்கானா, வாரங்கல்லின் காகத்தீயத் தோரணவாயிலையும் ஐதராபாத்தின் சார்மினாரையும் தன் இலச்சினையில் வைத்தது. அதனை வரைந்தவர் ஓவியர் ஏலே லக்ஷ்மண். ஆட்சி மாற்றத்துக்குப் பின், 2024இல், ரேவந்த் ரெட்டி தலைமையிலான அரசு இவை மன்னராட்சியின் அடையாளங்கள் என்று கூறிப் புதிய இலச்சினையைக் கொண்டுவர முனைந்தது. மாநிலம் உருவான பத்தாம் ஆண்டு நிறைவு நாளாகிய ஜூன் 2 அன்று வெளியிடத் திட்டம். எதிர்க்கட்சியான பாரத் ராஷ்டிர சமிதியின் தலைவர்கள் மே 30 அன்று சார்மினார் முன்னரே போராட்டம் நடத்தினர். வாரங்கல்லிலும் எதிர்ப்பு எழுந்தது. முடிவில் மாநிலப் பாடல் மட்டும் திட்டமிட்டபடி வெளிவர, இலச்சினை தள்ளிவைக்கப்பட்டது.

தெலங்கானாவில் கட்டடங்கள் பெயருடையவை. எனவே நீக்கம் என்பது குறிப்பிட்ட இரு ஊர்களின் நீக்கமாக உணரப்பட்டது. போராடுவதற்கு ஓர் இடமும் இருந்தது. சார்மினார் நீக்கம் ஐதராபாத்தின் இசுலாமிய மரபை நீக்குவதாகப் பொருள்படும் என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. மன்னராட்சி வாதத்தைத் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்கு எதிராக எழுப்புவது கடினம். எந்த மன்னன் கட்டியது என்று சொல்ல, முதலில் எந்தக் கோபுரம் என்று சொல்லவேண்டும்.

வெளிநாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் அனுபவத்தில் எதிர்வினையின் முதற்காரணம் பெரும்பாலும் செலவு. மெல்பர்ன் மாநகர மன்றம் 2009இல் முந்தைய சின்னத்துக்கு மாற்றாக ஆங்கில 'எம்' எழுத்து வடிவிலான சின்னத்தை ஏற்றபோது, அதற்கான ஏறத்தாழ 2,40,000 ஆசுதிரேலிய டாலர் செலவே கண்டனத்தின் மையமாயிற்று. இங்கு எடுத்துக்கொண்ட தமிழ்நாட்டு, தெலங்கானா நிகழ்வுகளில் செலவு ஒரு பொருட்டாக எழவில்லை. இடமும் மொழியும் மரபுமே வழக்காயின. 2025 மார்ச் 13 அன்று வெளியான தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையின் இலச்சினையிலும் இதுவே நிகழ்ந்தது. 2010இல் இந்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியீட்டின் இடத்தில் 'ரூ' என்ற தமிழெழுத்து நின்றதும், ஒன்றிய நிதியமைச்சர் வரை எதிர்வினை எழுந்தது. அக்குறியீட்டை வடிவமைத்த த. உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதை எதிர்த்தோர் நினைவூட்டினர். 'ரூ' என்று எழுதுவது தமிழர் அன்றாடம் செய்வதே என்று ஆதரித்தோர் விடையிறுத்தனர். தமிழில் ரூபாயைக் குறிக்க '௹' என்ற பழைய குறியொன்று இருப்பதும், ஒருங்குறியில் அதற்கு இடம் தரப்பட்டிருப்பதும் இரு தரப்பாராலும் பெரிதும் பேசப்படாமற் போனது வியப்புக்குரியது.

உள்ளாட்சிக்கு எஞ்சுவது

மேற்கண்டவை உள்ளாட்சி அமைப்புகளின் சின்னங்களை ஆராய்வோர்க்கு ஒரு நடைமுறை வினாவை எழுப்புகின்றன. ஊரின் அடையாளம் மாநிலத்தின் அடையாளமாகக் கருதப்படும் இடத்தில், ஊர் தனக்கென எதை வரைந்துகொள்ளும்? இந்திய அரசுச் சின்னத்தின் முறையற்ற பயன்பாட்டைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் வந்த 2007ஆம் ஆண்டு விதிகளும் சிங்கத்தலையின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன. கோபுரம் என்னும் கட்டட வடிவத்தை அவை கட்டுப்படுத்தவில்லை. திருவில்லிபுத்தூர் நகராட்சியோ அவ்வட்டாரத்தின் வேறோர் அமைப்போ நாளை ஒரு புதிய சின்னத்தை வரைய முற்பட்டு, சிங்கத்தலையும் கொடிகளும் இல்லாத கோபுரத்தை அதில் வைக்குமாயின், அடிநிலை மறைவின்றித் தெரியும். பதினொரு நிலைகளையும் எண்ணலாம். கீழே ஊர்ப்பெயரும் இருக்கும்.

அவ்வாறு வரையப்படும் கோபுரம் திருவில்லிபுத்தூரினது என்பதில் மதுரையார்க்கும் ஐயம் இராது. ஆனால் அதனை மாநில இலச்சினையோடு அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு அன்றுதான் முதன்முறையாக எல்லார்க்கும் கிடைக்கும். வேறுபாடுகள் வெளிப்படையாகத் தெரிந்துவிட்டால் எழுபத்தைந்தாண்டு உரிமைக்கு என்ன நேரும் என்பதை நகராட்சியின் தீர்மானப் புத்தகம் முடிவுசெய்யாது. மடவார் வளாகத்துக்குச் செல்லும் வழியில் நின்று ஊர்க் கோபுரத்தை வருவோர்க்குச் சுட்டிக்காட்டுகிறவர், 'அரசு முத்திரையில் இருப்பது இதுதான்' என்று அதன் பின்னரும் சொல்வாரா என்பதே அதற்கு விடையாகும்.